பத்துச் சத மீன்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பேச்சுவழக்கிலே 'ஐந்து பத்துக் கடை' என்னுந் தொடர் நெடுங்காலம் வழங்கிவந்தது. ஐந்து சதத்துக்கு ஒரு வரிசைப் பொருள். பத்துச் சதத்துக்கு மற்றொரு வரிசைப் பொருள். அதற்கு மேல் விலையுள்ள பொருள் எதுவும் அக்கடையிலே கிடையாது. ஊசி, நூல், சீப்பு, பென்சில், தேநீர்க் கோப்பை, பொம்மை என்றிவை பரப்பி வைக்கப்பட்ட மேசைகளுக்கு அப்பால், ஒரு மூலையிலே கண்ணாடித் தொட்டியொன்றும் இருக்கும். அதனுள்ளே தங்கமீன்கள் ஒன்றையொன்று நெருங்கி நீந்திக்கொண்டிருக்கும். கையில் ஒரு நாணயத்தோடு வந்த சிறுவன் அவற்றுள் ஒன்றைச் சுட்டிக் காட்டுவான். கடைப்பெண் சிறு வலையாலே அதைப் பிடித்து, நீரோடு ஒரு கடதாசிப் பெட்டியிலிட்டுக் கொடுப்பாள். அவன் அதனை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு செல்வான்.

இச்சிறு வியாபாரம் எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு பெருகிற்று, பின்னர் எவ்வாறு ஒடுங்கத் தலைப்பட்டது என்னுஞ் செய்தி வரலாற்று நூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுதுவோர் மீன் விற்ற கதையைப் பொருட்படுத்துவாரல்லர். ஆயினும், ஓர் உயிருக்கு விலை குறிக்கும்போது விலைச்சீட்டில் எது எழுதப்படுகின்றது, எது எழுதப்படாது விடுபடுகின்றது என்பதை அறிய விரும்புவோர்க்கு இதனிலும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

தங்கமீன் என்பது இயற்கையில் அந்நிறத்தோடு தோன்றிய இனமன்று. சீன நாட்டு நீர்நிலைகளில் வாழும், மங்கிய சாம்பற்பச்சை நிறமுடைய கெண்டையினத்து மீன்களிடையே எப்போதாவது ஒன்று செம்பொன் நிறத்தோடு பிறக்கும். அவ்வாறு பிறந்தவற்றைத் தெரிந்தெடுத்துத் தனியே வளர்த்து, அவற்றின் குஞ்சுகளிலும் சிறந்தவற்றையே மீண்டும் மீண்டும் தெரிந்து வளர்த்ததன் பயனே இம்மீன். சோங் வமிசத்தார் காலத்தில் அரண்மனைப் பூங்காக் குளங்களிலே விளங்கிய இது, மிங் வமிசத்தார் காலத்தில் வீட்டினுள் வைக்கும் பாண்டங்களுக்கு வந்து சேர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டளவில் யப்பானையும், பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவையும் அடைந்தது. தன் நாட்குறிப்பினாற் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1665ஆம் ஆண்டு மே மாதத்தில், இலண்டனில் ஒரு வீட்டிலே கண்ணாடிப் பாத்திரத்து நீரில் அந்நிய தேசத்து மீன்கள் சில நீந்துவதைக் கண்டு வியந்தார். அவை அப்படியே என்றென்றும் வாழும் என்று தமக்குக் கூறப்பட்டதையும் குறித்துவைத்தார். அவை தங்கமீன்கள்தாமோ, வேறு இனமோ என்பது அறிஞரிடையே வாதத்துக்குரியது. ஆனால், நீரும் பாத்திரமும் இருந்தாற் போதும், மீன் வாழும் என்னும் நம்பிக்கை அன்றே வேரூன்றியிருந்தது என்பது புலனாகின்றது. பின்வந்த முந்நூறு ஆண்டுகளில் எண்ணற்ற மீன்கள் மாண்டது இந்நம்பிக்கையினாலேயே.

பிரித்தானியாவிற் கண்ணாடிமீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845இல் நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1850இல், ரொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். இரண்டு சிறு தங்கமீன்களையும், நீர்த்தாவரம் ஒன்றையும், அழுகிய இலையைத் தின்னும் நத்தைகளையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தால், நீரை மாற்றாமலே அவை நெடுநாள் வாழும் என்று அவர் காட்டினார். 1853இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன்களுக்கென ஒரு மண்டபம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கை நூலார் எழுதிய நூலொன்று வீடுதோறும் மீன்தொட்டி வைக்கும் மோகத்தை மூட்டிவிட்டது. வாரிங்டன் வைத்தவை இரண்டே இரண்டு சிறு மீன்கள் என்பதை மோகங்கொண்டவர்கள் மறந்துவிட்டார்கள். தாவரம் இருக்கின்றது, நத்தை இருக்கின்றது, இனி எத்தனை மீனையும் விடலாம் என எண்ணினார்கள். தொட்டிகள் நாறின. சில ஆண்டுகளில் அம்மோகம் தணிந்தது.

இனி அமெரிக்காவை நோக்குவோம். அந்நாட்டில் தங்கமீனை ஏழை வீட்டுக்குக் கொண்டுசென்ற முதற்பெருமை வணிகருக்குரியதன்று, அரசாங்கத்துக்குரியது. இதுவே இவ்வரலாற்றில் எவரும் எதிர்பாராத திருப்பம். உண்ணத்தக்க மீன்வளத்தைப் பெருக்கும் நோக்கத்துடன் 1871இல் அமைக்கப்பட்ட ஐக்கிய நாட்டு மீன் ஆணைக்குழு, 1878இல் றியர் அட்மிரல் டானியல் அமென் என்னும் கடற்படை அதிகாரி யப்பானிலிருந்து கொணர்ந்த தங்கமீன்களைப் பெற்றுக்கொண்டது. அவற்றைத் தலைநகராகிய வாசிங்டனிலிருந்த தன் குளங்களில் விட்டது. மீன்கள் பெருகின. உண்ணும் மீனை வளர்க்க வந்த ஆணைக்குழு, மக்களைத் தன்பால் ஈர்க்க அழகு மீனையும் வழங்கலாயிற்று. விண்ணப்பித்த நகரவாசிகளுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிலே தங்கமீன்கள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. காங்கிரஸ் உறுப்பினரும் தத்தம் தொகுதியினருக்கென வேண்டிப் பெற்றனர். அக்காலத்து வாக்காளருக்கு மீனும் ஒரு கைக்கூலி போலும்! 1890களின் நடுப்பகுதியோடு இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அதற்குள் அமெரிக்கக் குடும்பங்களிற் பல மீன் என்பது இலவசமாகக் கிடைப்பது, கிண்ணத்தில் வைப்பது, இறந்தால் மற்றொன்று பெறுவது என்னும் பழக்கத்துக்கு ஆளாகியிருந்தன.

அரசாங்கம் கைவிட்ட இடத்தை விவசாயி பிடித்துக்கொண்டான். மேரிலாந்து மாநிலத்தின் பிரெடரிக் மாவட்டத்திலே பயிர்ச்செய்கைக்குதவாத தாழ்நிலங்கள் மீன்குளங்களாயின. இந்தியானா மாநிலத்து மாட்டின்ஸ்வில் என்னும் ஊரில் யூஜின் சயர்மன் என்பார் 1899இல் சதுப்பு நிலமொன்றிலே தங்கமீன் வளர்க்கத் தொடங்கினார். கிராசிபோர்க் என்று பெயர்பெற்ற அப்பண்ணை, காலப்போக்கில் நூற்றுக்கணக்கான குளங்களுடன் நாட்டின் மிகப் பெரிய தங்கமீன் பண்ணைகளுள் ஒன்றாக வளர்ந்தது. அங்கிருந்து தகரப் பாத்திரங்களில் நீரோடு அடைக்கப்பட்ட மீன்கள் புகையிரத வண்டிகளிலேறி நாட்டின் நாற்றிசையும் சென்றன. நெல்லும் சோளமும் விளைவது போலத் தங்கமீனும் விளைபொருளாயிற்று. விளைபொருளானபின் அதற்கு வேண்டியது ஒன்றுதான்: மலிவாக, பெருந்தொகையாக, நாடெங்கும் விற்கவல்ல ஒரு கடை.

அக்கடை முன்னரே ஆயத்தமாயிருந்தது. பிராங்க் வூல்வேர்த் என்னும் இளைஞர் 1879 பெப்ரவரியில் நியூயோர்க் மாநிலத்து யூட்டிக்கா நகரில் ஐந்து சதக் கடையொன்றைத் திறந்து நட்டமடைந்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் மீண்டும் திறந்தார், வென்றார். பின்னர் பத்துச் சதப் பொருட்களையும் சேர்த்தார். 1913இல், அன்று உலகிலேயே உயர்ந்ததாக விளங்கிய கட்டடத்தை நியூயோர்க்கிலே கட்டி முடித்தார். ஐந்தும் பத்துமாகச் சேர்ந்த சதங்கள் அறுபது மாடிகளாக எழுந்தன. அவருடைய முறை எளியது. அதுவரை பொருட்கள் விற்பனையாளனின் முதுகுக்குப் பின்னே தட்டுகளில் இருந்தன. வாங்குவோன் கேட்க வேண்டும். விற்போன் எடுத்துக் காட்ட வேண்டும். விலை பேச வேண்டும். வூல்வேர்த் பொருட்களை மேசைமேற் பரப்பினார், விலையை எழுதிவைத்தார். வாங்குவோன் தானே பார்த்துத் தானே முடிவு செய்தான். விற்போனுக்குப் பொருளைப் பற்றிய அறிவு தேவைப்படவில்லை. ஆகவே குறைந்த கூலிக்கு இளம்பெண்களை அமர்த்துதல் இயல்வதாயிற்று.

சீப்புக்கும் ஊசிக்கும் இம்முறை முற்றும் பொருந்தும். சீப்பை எவ்வாறு உபயோகிப்பது என்று எவரும் கேட்கவேண்டியதில்லை. மீனுக்கோ பொருந்தாது. இருந்தும், சீப்பு விற்ற முறையிலேயே மீனும் விற்கப்பட்டது. வூல்வேர்த் கடைகளும், அவரைப் பின்பற்றி எழுந்த பிற மலிவுக் கடைகளும் தங்கமீனையும், உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தையும், உணவுப் பொட்டலத்தையும் ஒருங்கே விற்றன. மீனின் விலை சில சதங்கள். பத்துச் சத எல்லை 1932இல் இருபதாக உயர்த்தப்பட்டு, 1935இல் அடியோடு நீக்கப்பட்ட பின்னரும் தங்கமீன் மலிவாகவே இருந்தது.

எவ்வளவு மலிவு என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1939ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், பத்து டொலர் பந்தயத்துக்காக, பலர் முன்னிலையில் உயிருள்ள தங்கமீன் ஒன்றை விழுங்கினார். செய்தி பத்திரிகைகளிலே பரவிற்று. சில வாரங்களுக்குள் நாட்டின் பல கல்லூரிகளில், ஒரே இருக்கையில் எத்தனை மீன்கள் விழுங்கலாம் என்னும் போட்டி நடந்தது. உயர்கல்வி பெறுவோர் இவ்வாறு நடந்துகொண்டமை நகைப்புக்கிடமானது என்று அன்று எழுதினார்கள். ஆனால், ஒரு மீன் ஓர் ஆட்டுக்குட்டியின் விலை பெற்றிருந்தால் இவ்விளையாட்டு நிகழ்ந்திராது.

கிண்ணத்தில் வைத்த மீன் ஏன் இறந்தது? இதனைச் சற்று விரிவாகவே கூறுதல் வேண்டும். ஏனெனில் மலிவுக் கடை மீனின் வரலாறு முழுவதும் இதனுள் அடங்கியிருக்கின்றது. மீன் உணவுண்ணும், கழிவை வெளிவிடும். அக்கழிவின் பெரும்பகுதி அமோனியாவாகச் செவுள்வழியே நீரிற் கலக்கின்றது. அமோனியாவுக்கு நிறமில்லை. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும்போதே மீனின் செவுளை அது எரித்துவிடும். குளத்திலும் ஆற்றிலும் மண்ணிலும் கல்லிலும் ஒட்டிவாழும் நுண்ணிய பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறு சில அதனை மீண்டும் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்று மீனுக்கு அத்துணைத் தீங்கானதன்று. தாவரம் அதனை உணவாகக் கொள்ளும். செர்கே வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் இப்பற்றீரியாக்களின் இயல்பை 1890ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். அதற்குள் மீனை விட்டால், அது தன் கழிவினாலேயே நஞ்சூட்டப்படும். உருண்டைக் கிண்ணத்திலோ இன்னொரு கேடு. வாய் குறுகியிருப்பதால் நீரின் மேற்பரப்பிற் காற்றுப்படும் இடம் சிறிது. ஒட்சிசன் உட்செல்லும் வழியும் சிறிது. மீன் நீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு, பசிக்கின்றது போலும் என்று சிறுவன் மேலும் உணவிடுவான். உணவு அழுகும்; அமோனியா பெருகும். சில நாட்களில் மீன் இறக்கும்.

இதனால், தங்கமீன் என்பது சில வாரமே வாழும் அற்பாயுள் உயிர் என்னும் எண்ணம் மக்களிடையே நிலைத்துவிட்டது. உண்மை வேறு. இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியில், 1956இல் ஊர்க் களியாட்டு விழாவொன்றிலே பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை வாழ்ந்து, நாற்பத்து மூன்றாவது வயதில் இறந்தது. கின்னஸ் சாதனை நூல் அதனைப் பதிவு செய்தது. இறக்கும் காலத்தில் அதன் செந்நிறம் மாறி வெள்ளிநிறம் ஆகியிருந்தது. மனிதருக்கு நரை வருவது போன்றே எனலாம். பரிசாக வந்த மீன் என்பதனால் அதன் விலை எதுவுமில்லை. அதனை வாங்கிய வீட்டார் எத்தகையோர் என்பதே அதன் ஆயுளை நிருணயித்தது.

மலிவுக் கடைகளை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நீதியாகாது. அறிந்தவரெனப் பெயர்பெற்றோரும் நெடுங்காலம் வாரிங்டனின் சமநிலைக் கொள்கையையே நம்பியிருந்தனர். வினோகிராட்ஸ்கியின் கண்டுபிடிப்பு மண்ணியலாரின் நூல்களில் இருந்தது. மீன் வளர்ப்போரின் கைக்கு அது வந்து சேர அரைநூற்றாண்டுக்கு மேற் சென்றது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. தனிமீன் கடை வைத்திருந்தவர், காரணம் அறியாவிடினும், அனுபவத்தால் அறிந்திருந்தார். 'இத்தொட்டிக்கு இரண்டு மீன் போதும்; மூன்றாவதை அடுத்த மாதம் வந்து வாங்கு' என்று சொல்லக்கூடியவராயிருந்தார். பிலடெல்பியாவில் வாழ்ந்த வில்லியம் இனெஸ் போன்றோர் 1930களில் இத்துறைக்கென நூலும் சஞ்சிகையும் வெளியிட்டனர். 1936இல் அமேசன் நதிப்பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொணரப்பட்ட, நீலக்கோடு ஒளிரும் சின்னஞ்சிறு மீனுக்கு இனெஸின் பெயரே சூட்டப்பட்டது. நியோன் டெற்றா என்று இன்று எக்கடையிலும் காணப்படும் மீன் அதுவே. அம்மீன்களுட் சில ஜேர்மனியிலிருந்து ஹிண்டன்பேர்க் என்னும் ஆகாயக் கப்பலிலேறி அமெரிக்கா சென்றன. அன்று அது செல்வரின் தொட்டிக்குரிய அருமணி.

அக்காலத்திலேயே இலங்கையின் நீரோடைகளும் இவ்வணிகத்தினுள் இழுக்கப்பட்டன. கொழும்பு நூதனசாலையைச் சார்ந்த பி. ஈ. பி. தெரணியகல 1929இல் ஒரு சிறு மீனினத்தை விவரித்துப் பெயரிட்டார். தென்மேற்கு ஈரவலயத்துக் காடுகளில், மரநிழல் படர்ந்து, உதிர்ந்த இலைகள் அடியிற் படிந்த ஆழமற்ற ஓடைகளில் வாழ்வது அது. ஆண்மீன் இனப்பெருக்கக் காலத்திற் செக்கச்சிவந்து தோன்றும். 'தித்தயா' என்னுஞ் சிங்களப் பெயரையே அவர் அதன் விஞ்ஞானப் பெயரிலும் அமைத்தார். 1930களிலே மேனாட்டு மீன்வளர்ப்போரை அது சென்றடைந்தது. செரி பாப் என்னும் பெயரோடு, இன்று அமெரிக்கப் பெருங்கடைகளின் தொட்டிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் மீன்களுள் அதுவும் ஒன்று. அங்கே விற்கப்படுபவை பெரும்பாலும் புளோரிடாவிலும் தென்கிழக்காசியாவிலும் பண்ணைகளிற் பிறந்தவை. இலங்கை ஓடையின் நீரை அவற்றின் முன்னோர் பல தலைமுறைகளுக்கு முன்னரே இழந்துவிட்டன.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் மூன்று புதுமைகள் ஒருங்கு சேர்ந்தன. ஒன்று, விமானச் சரக்குப் போக்குவரத்து. மற்றொன்று, பொலித்தீன் பை. மூன்றிலொரு பங்கு நீரும் எஞ்சியது ஒட்சிசனுமாக நிரப்பிக் கட்டிய பையில், இருநாள் உணவின்றி வைக்கப்பட்ட மீன் நெடுந்தூரம் உயிரோடு செல்லும். (உணவு கொடாதது கொடுமையினாலன்று, வழியில் நீர் கெடாதிருக்கும் பொருட்டு.) மூன்றாவது, சிலிக்கோன் பசை. அதுவரை மீன்தொட்டி இரும்புச் சட்டத்திற் கண்ணாடி பதித்துச் செய்யப்பட்ட கனத்த பொருள். 1960களில் கண்ணாடித் தகடுகளைச் சிலிக்கோன் பசையால் ஒட்டியே தொட்டி செய்ய முடிந்தது. தொட்டியும் மலிந்தது. புளோரிடாவில் தம்பா நகரைச் சூழ்ந்த பகுதியிலே வெப்பமண்டல மீன்களுக்கென வெட்டப்பட்ட குளங்கள் வரிசை வரிசையாகப் பெருகின. செல்வரின் அருமணியாயிருந்த மீன்கள் யாவும் தங்கமீனின் நிலைக்கு இறங்கின.

1962ஆம் ஆண்டு அமெரிக்கச் சில்லறை வணிக வரலாற்றில் மறக்கவியலாதது. மார்ச் மாதத்தில் மிச்சிகனில் கேமார்ட், மே மாதத்தில் மினசோட்டாவில் டார்கெட், ஜூன் மாதத்தில் ஓகாயோவில் வூல்வேர்த் நிறுவனத்தின் வூல்கோ, ஜூலை மாதத்தில் ஆர்க்கன்சா மாநிலத்து ரொஜர்ஸ் என்னும் சிற்றூரில் வோல்மார்ட் என நான்கு மலிவுப் பேரங்காடிகளின் முதற்கடைகள் ஐந்து மாதத்துக்குள் திறக்கப்பட்டன. சிறு இலாபம், பெருவிற்பனை, தானே எடுத்துக்கொள்ளும் முறை என்பன இவற்றின் அடிப்படை. ஐந்து பத்துக் கடையின் மரபை இவை சுவீகரித்துக்கொண்டன; இவற்றுட் பல, அதனோடு மீன்தொட்டி வரிசையையும் சுவீகரித்தன.

தானே எடுத்துக்கொள்ளும் கடையிலே தானே எடுக்க முடியாத ஒரே சரக்கு மீன். வலையோடு ஒருவர் வரவேண்டும். அவர் யார்? சற்றுமுன் வர்ணத் தகரங்களை அடுக்கியவர். அழைப்புக் கேட்டு இங்கே வந்தவர். மீனைப் பிடித்துப் பையிலிட்டபின் மறுபடியும் தம் இடத்துக்குச் செல்லவேண்டியவர். அவரிடம் 'இம்மீன் எவ்வளவு வளரும்?' என்று கேட்டால், அவர் விடை கூறாமை அவர் குற்றமன்று. தொட்டிகள் பெரும்பாலும் ஒரே குழாய்த் தொகுதியால் இணைக்கப்பட்டிருந்தன. பராமரிப்பதற்கு அது எளிது. ஆயின், ஒரு தொட்டியில் நோய் தோன்றின் அதே நீர் மற்றெல்லாவற்றையும் சுற்றிவரும். இறந்த மீன்களை அகற்றுதற்கு நேரமின்றி அவை உயிருள்ளவற்றின் நடுவே மிதந்துகொண்டிருந்த காட்சி, அந்நாட்டு மீன்வளர்ப்போர் பல்லாண்டுகளாக முறையிட்டுவந்த ஒன்று.

மீன் இறந்தாற் கடை என்ன செய்யும்? பல கடைகள் இத்தனை நாளுக்குள் இறந்தால் வேறொன்று தருவோம் என்று வாக்களித்தன. வாங்குவோன் மகிழ்ந்தான். இவ்வாக்குறுதி தயாளத்தின் அடையாளம் போலத் தோன்றும். கணக்கைப் பார்த்தால் வேறு பொருள் விளங்கும். மீன் ஏன் இறந்தது என்று விசாரித்து விளக்க அறிந்த ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய ஒரு மணி நேரக் கூலி, பல மீன்களின் விலையை மிஞ்சும். அறிவைக் காட்டிலும் மீன் மலிவு. ஆதலால், அறிவைக் கொடாது மீனைக் கொடுத்தார்கள். இரண்டாவது மீனும் அதே தொட்டிக்கே சென்றது.

சீயம் நாட்டுச் சண்டைமீனின் கதை இன்னும் வருந்தத்தக்கது. சேற்றுக் குட்டைகளிலும் வயல்களிலும் வாழும் அம்மீனுக்குச் செவுளன்றியும் காற்றைச் சுவாசிப்பதற்குரிய ஓர் உறுப்புத் தலையினுள்ளே உண்டு. ஒட்சிசன் குன்றிய நீரிலும் அது மேலே வந்து காற்றை விழுங்கி உயிர்தாங்கும். ஆண்மீன்கள் ஒன்றையொன்று தாக்குமாகையால் தனித்தனியே வைக்கவும் வேண்டும். இவ்விரண்டு இயல்புகளும் வணிகருக்கு வாய்ப்பாயின. ஒரு குவளையளவு நீரில், மூடியிட்ட பிளாத்திக்குக் கிண்ணங்களில், தட்டின்மேல் அடுக்கிவைத்து விற்கலானார்கள். அது இறவாதிருந்தமையைக் கண்டோர், அதற்கு அவ்வளவு இடமே போதும் என்று முடிவு செய்தார்கள். உடனே இறவாமை வேறு, வாழ்தல் வேறு.

சட்டம் எங்கேயிருந்தது என்று நேயர்கள் வினவக்கூடும். அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம் 1966இல் நிறைவேறியது. 1970இல் திருத்தப்பட்டபோது, 'விலங்கு' என்னுஞ் சொல் வெப்பக் குருதியுடையவற்றையே குறிப்பதாக வரையறுக்கப்பட்டது. மீனின் குருதி குளிர்ந்தது. ஆகவே அச்சட்டத்தின்படி மீன் விலங்கன்று. பிரித்தானியாவிலோ 1951ஆம் ஆண்டின் சட்டம் முதுகெலும்புள்ள எப்பிராணியை விற்கும் கடைக்கும் உரிமப்பத்திரம் வேண்டும் என்றும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பிராணி விற்கலாகாது என்றும் விதித்தது. 2006ஆம் ஆண்டின் சட்டம் அவ்வயதெல்லையைப் பதினாறாக உயர்த்தியது. ஒரே மொழி பேசும் இரு நாடுகளில் ஒரே மீனுக்கு இருவேறு நிலை.

அமெரிக்காவில் சட்டம் ஒருமுறை மலிவுக் கடைப் பிராணித் தட்டை எட்டியது உண்டு. தங்கமீனுக்குப் பக்கத்திலே சின்னஞ்சிறு ஆமைக் குஞ்சுகளும் விற்கப்பட்டுவந்தன. பிளாத்திக்குத் தென்னை மரம் நட்ட கிண்ணத்தோடு அவற்றைப் பிள்ளைகள் வாங்கினர். அவற்றின்மூலம் சல்மொனெல்லா நோய் பரவுவது அறியப்பட்டதும், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓட்டையுடைய ஆமைகளின் விற்பனை 1975இல் தடைசெய்யப்பட்டது. அத்தடை பிள்ளைகளைக் காக்க எழுந்தது. ஆமைகளைக் காக்க எழுந்ததன்று. மீனுக்கெதிராக அத்தகைய தடை எதுவும் எழவில்லை. ஆதலால் அது தட்டிலேயே இருந்தது.

மலிவாக வந்த உயிர் மலிவாகவே கைவிடவும் பட்டது. வளர்ந்து தொட்டிக்குப் பொருந்தாத மீனைக் கொல்ல மனமின்றி, அருகிலுள்ள ஏரியில் விட்டோர் பலர். தங்கமீன் குளிரையும் தாங்கும். ஏரியிலே அடி நீளத்துக்கும் மேலாக வளரும். அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கும். வட அமெரிக்காவின் பேரேரிகளிலும் அது இன்று வாழ்கின்றது. 2021 மார்ச் மாதத்தில் இன்னுமொரு வகையான செய்தி வந்தது. மீன்தொட்டி அழகுக்கென விற்கப்பட்ட பாசி உருண்டைகளுக்குள்ளே, அந்நாட்டு நீர்நிலைகளுக்குப் பெருந்தீங்கு விளைக்கும் வரிச்சிப்பி இனம் ஒளிந்திருப்பது தெரியவந்தது. சியாட்டில் நகரத்து வளர்ப்புப் பிராணிக் கடையொன்றின் ஊழியர் ஒருவரே அதனை முதலிற் கவனித்து அறிவித்தவர். மாநிலம் மாநிலமாகத் தேடி, கடைத் தட்டுகளிலிருந்து அவை அகற்றப்பட்டன. கவனிக்கும் கண்ணுடைய ஊழியர் ஒருவர் கடையில் நின்றதனால் விளைந்த நன்மை அது.

இவ்வளவு கூறியபின் எதிர்ப்பக்கத்தையும் கூறுதல் கடமை. மலிவுக் கடை இல்லாதிருந்தால், தொழிலாளியின் மகன் ஒரு மீனைத் தன் வீட்டிலே வைத்து நோக்கியிருக்க மாட்டான். தனிமீன் கடை பெருநகரங்களிலேயே இருந்தது. சிற்றூரிலும் கறுப்பினத்தார் வாழும் வறிய பகுதிகளிலும் ஐந்து பத்துக் கடையே இருந்தது. முதல் மீன் இறந்தபின் ஏன் என்று கேட்டு, நூலகம் சென்று புத்தகம் தேடியவர்களும் உண்டு. இவ்வாறு தொடங்கி இத்துறையிற் பேரறிவு பெற்றோர், தம் முதல் மீன் மலிவுக் கடையில் வாங்கியதே என்று நன்றியோடு நினைவுகூர்வதை அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகைகளிற் காணலாம். அவர்கள் கற்ற பாடத்துக்கு விலை கொடுத்தது மீன்.

வூல்கோ அமெரிக்காவில் 1983இன் தொடக்கத்தோடு மறைந்தது. வூல்வேர்த் தன் அமெரிக்க ஐந்து பத்துக் கடைகளை 1997இல் மூடியது. கேமார்ட் 2002இல் கடன்தீர்க்க முடியாது நீதிமன்றத்தை நாடி, பின்னர் சிறுகச் சிறுகத் தேய்ந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து வளர்ப்புப் பிராணிகளுக்கென்றே பண்டகசாலை போன்ற பெருங்கடைகள் எழுந்தன. மீன் வாங்குவோர் அங்கே செல்லலாயினர். அங்கு ஊழியருக்குச் சிறிது பயிற்சியளிக்கப்பட்டது. மீனின் விலையும் சற்றுக் கூடியது. சண்டைமீன் மட்டும் அங்கும் கிண்ணத்திலேயே இருந்தது. எஞ்சியிருந்த வோல்மார்ட், 2019ஆம் ஆண்டில் தன் கடைகளில் உயிர்மீன் விற்பனையைக் கைவிட்டது. மீன்கள் தீர்ந்ததும் தொட்டி வரிசைகள் அகற்றப்பட்டன. கண்ணாடிக் கிண்ணமும், வர்ணக் கற்களும், உணவுப் பொட்டலமும் அடுத்த தட்டில் அப்படியே இருந்தன.